கிளிக்கரைப் புடவையும் கீழே வந்த கறுப்புக் கட்டமும்

ஆரணி
23-5-2003, வெள்ளிக்கிழமை காலை

சிரஞ்சீவி மருமகன் சரவணனுக்கு, ஆரணியிலிருந்து தாய்மாமன் ஜெகநாதன் நிறைந்த ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உன் அத்தை ஜெயம், நீ பொங்கலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் ஆகிய மூவரும் சுகம். அவ்விடம் பெங்களூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை உன் அத்தை தனியாக விசாரிக்கச் சொன்னாள்.

நிற்க. முக்கியமான சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதிக் கடிதத்தில் எழுந்து ஆபீசுக்கு ஓடிவிடுவாய். டெர்மினல் எடிட்டருக்குள்ளேயே வந்துவிட்டது. நான்தான் கொண்டுவந்தேன். நீ எழுதிக் கொடுத்த புரோகிராம் ஓடிவிட்டது, அட்டை அடித்தாகிவிட்டது, தறி வேலையும் முடிந்துவிட்டது. உன் தங்கை தேவிப்ரியா தன் கையாலேயே கம்ப்யூட்டரில் வரைந்த கிளி பார்டர் போட்ட தாய்மாமன் புடவை, இன்று சாயங்காலம் நெசவாளி சின்னப்பையன் வீட்டுத் தறியிலிருந்து இறங்கப்போகிறது. காலையிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தையே பாதி நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

இந்தப் புடவை எனக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதறேன். தேவிப்ரியா மஞ்சள் நீராட்டுக்கு நான் கொண்டுவந்த புடவையில ஒரு பக்க பார்டர் அரக்கு, மறுபக்கம் பச்சை. தறியில பாவு நூல் ஏத்தினவன் பண்ண தப்பு, அதுக்கு நான் என்ன பண்ணுவேன். ஆனா உங்கம்மா பரிமளா இருக்காளே, என் கூடப் பொறந்தவ, பத்து வருஷமா எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அதையே சொல்லிகினு இருக்கா. தேவிப்ரியாவுக்கு நிச்சயம் பண்ண அன்னிக்கு வெம்பாக்கத்து சம்பந்தி ஜனம் அத்தனை பேரும் உக்காந்திருக்க, நிறைஞ்ச சபையில என்னைப் பாத்து, "அண்ணா, இந்தத் தடவையாவது ஒழுங்கா ஒரு புடவை குடுத்தா மேடையில தாய்மாமனா வந்து நில்லு. இல்லன்னா நான் கடையில எடுத்துக்கறேன், நீ பந்தியப் பாத்துக்கோ"ன்னுட்டா. நாலு தலைமுறையா தறி போட்ட வீட்டுல பொறந்தவன்கிட்ட கடைப் புடவைன்னா எப்படி இருக்கும். ரெண்டு நாள் எனக்கு சோறு இறங்கல. அப்புறம்தான் உன் கம்ப்யூட்டர் மேல இருந்த துணியை எடுத்தேன்.

நீ எஸ்.டி.டி. பூத்து போன்ல உன் அத்தை குரலை மட்டும்தான் கேட்டே. வீட்டுல என்ன நடந்துதுன்னு உனக்குத் தெரியாது, அதைத்தான் சொல்ல வரேன். உன் புரோகிராம் நல்ல புரோகிராம், குறை சொல்லல. படத்தைக் குடுத்தா, அது பார்டர்ல விழறதுக்குத் தறி மேல மாட்டற எந்த அட்டையில எங்கெங்க ஓட்டை போடணும்னு லிஸ்ட் போட்டுக் குடுக்குது. ஆனா அதுக்கு எடிட்டர்னு ஒரு வெள்ளைக் கட்டத்துல படத்தோட பேரு, எத்தனை நூலு, எத்தனை அட்டைன்னு எழுதணும், அப்புறம் டெர்மினல்னு ஒரு கறுப்புக் கட்டத்தைத் தனியாத் திறந்து உத்தரவு அடிக்கணும். நான் கறுப்பைத் திறந்தா வெள்ளை காணாமப் போயிடும். வெள்ளையைத் தேடிக் கண்டுபிடிச்சா கறுப்பு அதுக்குப் பின்னால போய் ஒளிஞ்சிகினு இருக்கும். இருநூத்தி நாப்பது நூல்னு மனசுல வச்சிகினு அங்க போறதுக்குள்ள இருநூத்தி நாலா ஆயிடும். பெரிய பேஜாராப் போச்சு. தேவிப்ரியாவைக் கூப்பிடலாம்னு பாத்தேன், அவ பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் டீச்சர்தானே. படம் வரைஞ்சதோட சரி, கல்யாணப் பொண்ணு தன் புடவைக்குத் தானே வேலை செய்யக்கூடாதுன்னு உன் அத்தை வாசல்லயே மறிச்சு அனுப்பிட்டா.

அப்பதான் நீ போன்ல உன் அத்தைகிட்ட சொல்லி அனுப்பினே, "மாமா, டெர்மினலை எடிட்டருக்குள்ளயே கீழ வச்சுக்கலாம், மேல எழுதுங்க, கீழ ஓட்டுங்க"ன்னு. எனக்கு அது அந்த நொடியே புரிஞ்சுபோச்சு. தறியிலயும் அப்படித்தானே, மேல அட்டை, கீழ புடவை, உக்காந்த இடத்துலயே ரெண்டும். இதை ஏன் நீ பொங்கலுக்கே சொல்லலன்னு உன் மேல கொஞ்சம் கோவம்கூட வந்துது.

நம்ம வீட்டுக்கும் பூத்துக்கும் நடுவுல மூணு தெரு. நீ அங்க ஒண்ணு சொல்ல, உன் அத்தை அதை வாய்க்குள்ள முணுமுணுத்துகினே கடைத்தெருவைத் தாண்டி வந்து எங்கிட்ட சொல்லி, நான் பண்ணதைப் பாத்துட்டு மறுபடியும் ஓடுவா. எதிர்ல வந்த ஆதிலட்சுமி, அதான் நம்ம பக்கத்து வீடு, "எங்க ஜெயம் இவ்ளோ ஜல்தியா?"ன்னு கேட்டிருக்கா. பதில் சொன்னா மறந்துடும்னு இவ கையை மட்டும் ஆட்டிட்டு வந்துட்டா. மறுதரம் போறப்பவும் அதே மாதிரி ஆட்டிட்டுப் போயிட்டா. ஆதிலட்சுமி மூஞ்சியைத் தூக்கி வச்சிகினு, கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு தெருவுக்கே சொல்லிட்டா. அவளைச் சமாதானம் பண்ண ஒரு வாரம் ஆச்சு.

நாலாவது நடையில விஷயம் முடிஞ்சுது. செட்டிங்ஸுக்குள்ள போனேன், டெர்மினலுக்கு எதிர்ல டிக் போட்டேன், ஓகேவை அழுத்தினேன். எடிட்டருக்குக் கீழ கறுப்புக் கட்டம் வந்து கம்முனு உக்காந்துகிச்சு. சரவணா, அதை எப்படிச் சொல்றது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்னுட்டேன். உன் அத்தை கற்பூரம் கொண்டாந்து காட்டிட்டு மானிட்டருக்கு மஞ்சள் குங்குமம் வச்சா, கறுப்புக் கட்டம் எங்க முடியுதோ அந்த இடமா பாத்து.

அப்பவே ஒரு கண்டிஷனும் போட்டா. சுபகாரியத்துக்கு உக்காந்திருக்கோம், மிஷின் எது கேட்டாலும் வாயில 'நோ' வரக்கூடாதுன்னா. நம்ம வீட்டுல பாவு ஏத்தற அன்னிக்கு அரிசிப் பானை காலியா இருந்தாகூட "நிறைஞ்சிருக்கு"ன்னுதானே சொல்லுவோம், இல்லைங்கற வார்த்தையை எடுப்போமா. அவ சொன்னது எனக்கும் ஞாயமாத்தான் பட்டுது. அதனால யெஸ், நோன்னு ரெண்டு பொத்தானை அது காட்டும்போதெல்லாம் யெஸ்தான். நடுவுல ஒரு சிக்கலும் இல்ல.

அப்புறம் சரிகைன்னு உன் புரோகிராம் பேரை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு எண்டரைத் தட்டினேன். ஒரு வரி பதில் வந்துது. உன் அத்தை பத்தாவது பாஸ், எழுத்துக் கூட்டிப் படிச்சு, "கமாண்ட் நாட் ஃபவுண்டாம், உத்தரவைக் காணோமாம்"னா. இப்பதானே குடுத்தேன், அதுக்குள்ள எப்படிக் காணாமப் போகும். மறுபடி அடிச்சேன். மறுபடியும் காணோம்னுது. விடாம ஒம்பது தடவை அடிச்சேன், ஒம்பது தடவையும் அதே பதில், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, நூல் புடிச்ச மாதிரி நேரா. கோவம் ஒரு பக்கம் இருந்தாலும் பாக்க அழகாத்தான் இருந்துது.

உன் அத்தை பூத்துக்கு ஓடினா. திரையில தப்பு வர்ற இடத்தை மட்டும் மௌஸால சுத்தி இழுத்துப் படம் புடிச்சு, ஃப்ளாப்பியில போட்டு, பிரவுசிங் சென்டர்லேருந்து அனுப்பச் சொன்னே. புடிச்சேன். பேரு கேட்டுது, பார்டர்னு போட்டேன், இந்த சமாச்சாரம் எல்லாமே பார்டருக்காகத்தானே. இங்கிலீஷ்ல நீளமா என்னமோ கேட்டுது, யெஸ்னு சொன்னேன். ஃப்ளாப்பியை சட்டைப் பையில போட்டுகினு கிளம்பறேன், உன் அத்தை மூச்சு வாங்கிகினு எதிர்ல வரா. "படமே வேணாமாம், பேருக்கு முன்னால ஒரு புள்ளி, ஒரு சாய்ஞ்ச கோடு போட்டா போதுமாம்"னா. திரும்பி வந்து புள்ளி, சாய்ஞ்ச கோடு, சரிகை, எண்டர். அவ்ளோதான். கீழ கட்டத்துல லிஸ்ட் மளமளன்னு ஓடுது, மேல நான் எழுதினது ஆடாம அசையாம நிக்குது, ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கறேன். ஐம்பத்திரெண்டு வயசுல இப்படி ஒரு சந்தோஷம் வரும்னு நான் நினைக்கல.

லிஸ்ட்டைக் கொண்டுபோய் அட்டை அடிக்கிற பொன்னுசாமிகிட்ட குடுத்தேன். "பொட்டிக்குள்ள வச்ச கிளி, பறந்துகிறந்து போயிடப்போவுது"ன்னு சிரிச்சான். சிரிக்கட்டும்னு விட்டுட்டேன். அட்டை தறியில ஏறிச்சு. நாலு நாள் கழிச்சு சின்னப்பையன் ஆள் அனுப்பினான், "கிளி இன்னும் வரலியே அண்ணா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது"ன்னு. புடவையோட நல்ல பக்கம் தறியில கீழ பாத்துகினு இருக்கும்போது உனக்கு எப்படிடா கிளி தெரியும், கம்ப்யூட்டர் வேலைன்னா பொடி வேலையாத்தான் இருக்கும், வாயை மூடிகினு நெய்யின்னு சொல்லி அனுப்பிட்டேன். கீழ கண்ணாடி வச்சுப் பாக்கட்டுமான்னு கேட்டான். தறியிலேருந்து அறுக்கறதுக்கு முன்னால யார் கண்ணும் படக்கூடாதுன்னு அதையும் வேணாம்னுட்டேன், நானும் அந்தப் பக்கம் போகல. பதினெட்டு நாளா போகாம இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே மருமகனே, இனிமேல் கம்ப்யூட்டர் விஷயத்தில் நீ என்னைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். சந்தேகம் வந்தால் நீ எனக்கு எழுது. உன் அம்மாவைக் கடைப் பக்கமே போகவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஜூன் ஐந்தாம் தேதி கல்யாணத்துக்கு உன் ஆபீஸ் சிநேகிதர்கள் நாற்பது பேரையும் தவறாமல் கூட்டிக்கொண்டு வா. மேடைக்கு முன்னால் முதல் இரண்டு வரிசை நாற்காலி அவர்களுக்குத்தான் என்று மண்டபத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் பக்கத்தில் வந்து பார்த்தால்தான் அந்த பார்டரின் அருமை புரியும்.

தீர்க்காயுசோடு, நல்ல பசியோடு, சீக்கிரமே உனக்கும் ஒரு கல்யாணத்தோடு நீ நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
ஜெகநாதன்

பி.கு.: சாயங்காலம் ஆறரை மணி. மேல எழுதினதுல ஆசீர்வாதத்தை மட்டும் வச்சுக்கோ, மத்ததை விட்டுடு. புடவையை அறுத்து, திருப்பி, பாயில விரிச்சோம். கிளி இல்ல. ஒண்ணுகூட இல்ல. அரக்கு பார்டர் முழுக்க சரிகையில குட்டிக் குட்டியா இங்கிலீஷ் எழுத்து, ஒம்பது வரி. அது முடிஞ்சா மறுபடி அதே ஒம்பது வரி, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும். தேவிப்ரியா தலையை இடது தோள் மேல சாய்ச்சுப் படிச்சா. படிச்சிட்டு அப்படியே தரையில உக்காந்து வயித்தைப் புடிச்சிகினு சிரிச்சா. "மாமா, அந்தத் தப்பைப் படம் புடிச்சீங்களே, அதை என்ன பேர்ல சேவ் பண்ணீங்க?"ன்னா. பார்டர்னுதான்னேன். "கிளி படத்துக்கும் அதே பேர்தானே. பழசை அழிச்சுடட்டுமான்னு கேட்டிருக்குமே"ன்னா. "கேட்டுதே, யெஸ்னு சொன்னோம்"னு உன் அத்தை பெருமையாச் சொன்னா.

அந்த நேரம் பாத்து உங்கம்மா உள்ள வந்தா. நான் பந்தியப் பாத்துக்க மனசைத் தயார் பண்ணிட்டேன். அவ புடவையோட இந்தப் பக்க பார்டரைப் பாத்தா, போய் அந்தப் பக்க பார்டரைப் பாத்தா, ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா. "ரெண்டும் அரக்கு"ன்னா. அப்புறம் அந்த எழுத்து மேல கையால தடவிகினே, "இவ்ளோ பொடி வேலை நம்ம ஊர்ல யாரும் பண்ணதில்ல அண்ணா. நீதான் மேடையில நிக்கணும்"னு சொல்லிட்டு முந்தானையால கண்ணைத் தொடச்சிகினா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தேவிப்ரியா என் கையை நறுக்குனு கிள்ளிட்டு, "எனக்கு இதான்மா வேணும், மாமா புடவையைத்தான் கட்டுவேன்"னுட்டா. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அது கிள்ளினதுக்கு இல்ல.

அதனால உங்கம்மாகிட்ட நீ மூச்சு விடக்கூடாது. சிநேகிதங்க நாப்பது பேர்ல ஒருத்தரும் வரவேணாம், முதல் ரெண்டு வரிசையையும் வெம்பாக்கத்து ஜனத்துக்கு மாத்திட்டேன். மீறி எவனாவது வந்தா மேடையை நேராப் பாக்கச் சொல்லு. தலையைச் சாய்க்கறவனுக்குப் பந்தியில இலை கிடையாது.