அக்காவைச் சாய விடாதே

என் அருமை மருமகனுக்கு உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான் முழு நலம், உன் அத்தை ஒரு கண்ணால் நலம். மறு கண்ணில் முந்தாநாள்தான் ஆபரேஷன் ஆகிப் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறது. அங்கே நீயும் உன் வீட்டாரும் உன் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ரசிகர்களும், எல்லோருக்கும் மேலே உன்னைப் பெற்ற என் அக்காவும் நலமாக இருக்க விரும்புகிறேன். அக்கா விஷயத்தில் நான் விரும்பினால் மட்டும் போதாது போலிருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உலகத்துக்கெல்லாம் நீ பெரிய நடிகன். எனக்கு நீ ஆணிதான். ஒல்லி உடம்பும் பெரிய தலையுமாக நீ பட்டறைக்கு வந்து நின்ற அன்றைக்கு அந்தப் பேரை வைத்தவனே நான். கோபம் வந்தால் கோபித்துக்கொள், உன் கோபத்தைப் பார்க்கத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்களே.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை சாயங்காலம் உன் இருபத்தைந்தாம் வருஷ விழாவில், மேடையில் அந்த நாற்காலியில் அக்காவை உட்கார வைக்கப்போவதாகச் சொன்னாயே, வைக்காதே. வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சாய விடாதே. அந்த நாற்காலி பொய் நாற்காலியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். செய்த எனக்கே தெரியவில்லை.

எல்லாம் அந்தச் சினிமாப் பத்திரிகையால் வந்த வினை. போன வாரம் உன் வாழ்க்கை வரலாறு என்று போட்டிருந்தான். அதைப் பார்த்துத்தானே என் வீட்டில் கிடந்த நாற்காலியை மேடைக்குக் கேட்டாய். பக்கத்து வீட்டு வாத்தியார் சத்தமாக வாசித்தார், நான் அதைவிடச் சத்தமாகச் சிரித்தேன். 'இளமையில் இந்த எளிய மர நாற்காலியில் அமர்ந்துதான் நாயகன் நூல்களைப் படித்தார், நடிப்புக் கனவு கண்டார்' என்று எழுதி, நீ கன்னத்தில் கை வைத்த படம் வேறு. நீ எந்த நூலைப் படித்தாய், ஆணி? உன்னைக் கண்டால் பள்ளிக்கூடமே கும்பிட்டு வழியனுப்பியது. அக்கா உன் காதைப் பிடித்து, ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருந்த என் பட்டறைக்கு இழுத்து வந்து, "தம்பி, இவன் படிப்புக்கு ஆகமாட்டான், மரத்தையாவது இழைக்கட்டும்"னு விட்டுட்டுப் போனா. நீயும் இழைத்தாய். கதவுக்கு என்று நான் கொடுத்த பலகை, உன் கையிலிருந்து திரும்பி வரும்போது கரண்டிக்குத்தான் ஆகும்.

நம்ம தொழில் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் பெரிய மனுஷன் ஆனால் சிலது மறந்து போகும், அதனால் எழுதுகிறேன். சண்டைக் காட்சி என்றால் ஹீரோ உட்கார ஒரு மெய் நாற்காலி, அடியாள் விழுந்து நொறுக்க அதே மாதிரி ஒரு பொய் நாற்காலி. மரம் ஒண்ணு, எடை ஒண்ணு, சாயம் ஒண்ணு. பொய்க்கு மட்டும் பின்னங்கால் இரண்டையும் முக்கால்வாசி அறுத்து, மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைத்து, மேலே பூசிவிட வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் தாங்கும், உட்கார்ந்தபடி வசனம் பேசலாம், பீடி பிடிக்கலாம். முதுகை முழுசாகச் சாய்த்தால்தான் ஆளோடு போகும். அந்தப் பக்குவம் என் கைக்கு மட்டும்தான் வரும் என்று ஸ்டுடியோவே சொல்லும், நானும் சொல்வேன். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் அதே பதத்தில் ஒன்று செய்து, யாராவது சாய்ந்து பார்க்க வேண்டும். பட்டறையில் அத்தனை பேரும் அந்த வேலை என்றால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். நீ ஒருத்தன்தான் சோறு போட்ட மாதிரி வந்து உட்காருவாய். அதுவும் சும்மா விழுவாயா. ஒரு நாள் புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டு விழுவாய், ஒரு நாள் வாடகை கேட்க வந்த வீட்டுக்காரன் மாதிரி அதட்டிக்கொண்டே விழுவாய். எதிர்க் கடைக்காரர் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு வந்து நிற்பார். நீ நடிப்புப் படித்த காலேஜ் அதுதான், பத்திரிகைக்காரனுக்குத் தெரியாது.

அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. தலையில் மெய்யையும் தோளில் பொய்யையும் தூக்கிக்கொண்டு ஷூட்டிங் ஃப்ளோருக்குப் போனவன் நீ. "டேய், எது எங்க வைக்கணும்னு தெரியுமா"ன்னு கேட்டேன். "எனக்குத் தெரியாதா மாமா"ன்னு சொன்னே. உன் சினிமா வாழ்க்கை அந்த ஒரு வசனத்துல ஆரம்பிச்சுது. ஹீரோ வந்து உட்கார்ந்தார், காதலியைப் பார்த்து உருக்கமாக நாலு வரி பேசினார், அஞ்சாவது வரிக்குப் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார். போய்ட்டார். கால் ரெண்டும் மேலே, விக்கு ஒரு பக்கம். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடி வாங்க வேண்டிய ஆள் அன்றைக்குப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று வரவில்லை, ஸ்டண்ட் மாஸ்டர் கைக்கு அகப்பட்டவன் நீ, சட்டையை மாட்டி நிறுத்திவிட்டார்.

ஹீரோவுக்கு அவமானம், கோபம், ரெண்டையும் சேர்த்து உன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். நீ போய் மெய் நாற்காலியில் விழுந்தே. அது என் நாற்காலிடா, யானை உட்கார்ந்தாலும் உடையாது. நீ பாட்டுக்கு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கே. அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொரு தடவை தள்ளினார், இன்னும் சௌகரியமாக உட்கார்ந்தே. நாற்காலி உடையாதது உன் தப்புன்னு நினைச்சுக்கிட்டு சாஞ்சே, ஆடினே, குதிச்சே, கையால் அதைத் தடவிக் கொடுத்து, "உடைஞ்சுடு தாயே, மாமா வையப்போறார்"னு கெஞ்சினே. லைட் பிடிச்சவன் சிரிச்சதுல சுவர்ல வெளிச்சம் ஆடுது. டைரக்டர் மட்டும் வாயைப் பொத்திக்கிட்டு, கேமராவை நிறுத்தாதேன்னு கை காட்டறார். நிஜமாவே அது நடிப்பு இல்லைன்னு அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் என்ன, கொஞ்ச நாள் 'அந்த நாற்காலி ஆளைக் கூப்பிடு'ன்னு கூப்பிட்டாங்க. பிறகு உனக்குன்னு ஒரு பேர் வந்தது, ஹீரோவுக்கு நண்பன் ஆனே, அப்புறம் உனக்கே நண்பன் வேஷத்துக்கு ஆள் தேடற அளவுக்கு ஹீரோ ஆனே. உன்னைத் தள்ளின அதே மனுஷன் உன் படத்துல மாமனாரா நடிக்க வந்தார். இன்னிக்கும் எங்கே போனாலும் நாற்காலியைக் கையால அழுத்திப் பார்த்துட்டுத்தான் உட்கார்றாராம், பாவம்.

ஆனா அக்கா மட்டும் மாறலை. அந்தப் படத்துக்கு நான்தான் அவளைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். நீ வந்ததும் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது. அவ எழுந்து நின்னு திரையைப் பார்த்து, "ஏண்டா, சும்மா உக்காந்திருக்கிற புள்ளையை எதுக்குடா தள்ளுற"ன்னு கேட்டா. அதுக்கும் சேர்த்துச் சிரிச்சாங்க. வெளியே வந்து என்கிட்ட கேட்டா, "என் புள்ளை கீழ விழுறதைப் பார்த்து ஊரே சிரிக்குது, நீயும் சிரிக்கிற. அதுல சிரிக்க என்ன இருக்கு?" நான் செருப்பைத் தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அன்னிலேர்ந்து உன் படம் ஒண்ணு பார்க்கலை, உன் விழா ஒண்ணுக்கும் வரலை. இப்பதான் முதல் தடவையா வர்றேன்னு சொல்லியிருக்கா. அதுக்கும் ஒரு காரணம். "அந்த நாற்காலியில நானே உக்காந்து பாக்குறேன், அப்படி என்னதான் இருக்குதுன்னு." அவ போய் அதுல சாஞ்சு, அது பொய்யா இருந்து, அத்தனை பேர் முன்னாடி அவ விழுந்து, அதே சிரிப்பு கேட்டுச்சுன்னா, ஆணி, இடுப்பு எலும்பைக்கூட டாக்டர் சேர்த்துடுவார். அவளையும் உன்னையும் சேர்க்க என்கிட்ட மெழுகு இல்லை.

நாற்காலி எப்படி மாறிச்சுன்னு கேட்பே. ரீடேக் வரும்னு அன்னிக்கு இன்னொரு பொய்யும் செஞ்சு வச்சிருந்தேன், தேவையே படலை. மெய்யும் அதுவும் ஜோடியா இத்தனை வருஷமா வீட்டுல கிடந்துச்சு. பொய்க்கு அடியில சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி, அதுல யாரும் உட்காரக் கூடாது, துவைச்ச துணிதான் வைக்கணும். உன் விழாவுக்குப் போற நாற்காலியாச்சேன்னு உன் அத்தை ஆசையா ரெண்டையும் ஈரத்துணியால துடைச்சு, அடியெல்லாம் சேர்த்து பெயின்ட் அடிச்சு, வெயில்ல காய வச்சுட்டா. அப்ப ஆபரேஷன் ஆகலை, அவ கண்ணுக்குக் குறி தெரியலை, என்னையே கதவுன்னு நினைச்சு ஒதுங்கின கண்ணு அது. நான் முடி வெட்டிக்கப் போயிருந்த நேரம் உன் வண்டி வந்து, இங்கே தங்கியிருந்த அக்காவையும் ஏத்தி, கைக்கு வந்த நாற்காலியையும் ஏத்திட்டுப் போயிடுச்சு. சுரண்டிப் பார்க்கலாமேன்னு சொல்லாதே, பார்த்துட்டேன். அந்த மெழுகு மரத்தோட மரமா நிக்குது. பெயின்ட் போச்சு, திட்டு கிடைச்சுது.

சரி, இங்கே மிச்சம் இருக்கிறதுல யாரையாவது சாயவச்சா தெரிஞ்சுடும்ல. என் இடுப்பு எழுபத்தாறு வயசு இடுப்பு, சோதனைக்கு ஆகாது. வாத்தியாரைக் கூப்பிட்டு உட்கார வச்சேன். மனுஷன் முதுகுல பிரம்பைச் செருகின மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிட்டுப் போனார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்தான், நுனியிலேயே உட்கார்ந்து எனக்கு விபத்து பாலிசி நல்லதுன்னான், அவனுக்கே நல்லதுன்னு நினைச்சுக்கிட்டேன். என் மாப்பிள்ளை நல்ல கனமான ஆளு, அவரை நம்பியிருந்தேன், அவர் முதுகுவலின்னு தரையில படுத்துட்டார். உன் அத்தையைக் கேட்டேன். "கட்டுன நாள்லேர்ந்து உங்களை நம்பி ஒரு தடவைதான் சாஞ்சேன், அதுவே போதும்"னுட்டா.

உன் போனுக்கு அடிச்சா மேனேஜர் எடுக்கிறான். "நாற்காலி விஷயமா பேசணும்"னேன். "முன் வரிசையிலேயே போட்டிருக்கோம் ஐயா, கவலைப்படாதீங்க"ன்னு வச்சுட்டான். இப்ப அக்கா மறந்துட்டுப் போன மூக்குக்கண்ணாடியை வாங்க உன் டிரைவர் வந்திருக்கான். நல்ல பையன், ஆனா அவன்கிட்ட வாயால சொன்னா வழியில நாலு சிக்னல்லயும் சொல்லிட்டுத்தான் வருவான். அதான் எழுதித் தர்றேன். அவனையும் உட்காரச் சொன்னேன். "பெரியவங்க முன்னாடி எப்படிங்க ஐயா"ன்னு கைகட்டி நிக்கிறான். இந்த மரியாதையெல்லாம் இன்னிக்குத்தான் வரணுமா. கடைசியில நானே அதுல உட்கார்ந்து, மேஜை மேல குனிஞ்சு, சாயாம எழுதிட்டிருக்கேன்.

அதனால கேட்டுக்கோ. மேடையில வேற நாற்காலி போடு. அக்கா பிடிவாதம் பிடிச்சா, நீ பின்னாடி நின்னு முதுகுப் பலகையை ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடி. பத்திரிகைக்காரன் அதைத் தாய்ப்பாசம்னு எழுதிக்குவான். அவ சாயப் பார்த்தா ஏதாவது கேள்வி கேளு, பதில் சொல்லும்போது அக்கா எப்பவும் முன்னாலதான் வருவா.

உன் படம் ஓடட்டும், உன் நாற்காலி நிக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னைவிட நல்லா பலகை இழைக்கட்டும். அத்தை ஒரு கண்ணால உன்னை ஆசீர்வதிக்கிறாள், மறு கண்ணால கட்டுப் பிரிச்ச பிறகு. அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் மாமன்

பின்குறிப்பு: மேலே எழுதினது எல்லாத்தையும் அடிச்சுடு. கையெழுத்துப் போட்டு முடிச்சேன், அப்பாடான்னு சாஞ்சேன். இதைத் தரையில உக்காந்து, முழங்கால்ல காகிதத்தை வச்சு எழுதறேன். எலும்பு எல்லாம் அதது இடத்துல இருக்கு. டிரைவர் ஓடி வந்து தூக்கறேன்னு குனிஞ்சவன் சிரிப்பு தாங்காம அவனும் உக்காந்துட்டான். பெரியவங்க முன்னாடி, தரையில. உன் அத்தை, என்ன சத்தம்னு கேட்டு ஒத்தைக் கண்ணால பார்த்துட்டு, கட்டுப் போட்ட கண்ணு வலிக்குதுன்னு பிடிச்சுக்கிட்டே சிரிக்கிறா. நானும்தான். எத்தனை வருஷம் கழிச்சும் நேரா உக்காந்த வரைக்கும் தாங்கிச்சு பாரு, சாஞ்ச நொடி போச்சு, அதுதான் என் கை.

ஆக உன்கிட்ட வந்திருக்கிறது மெய். கூட ஒரு வேலை செய். சிரிக்க என்ன இருக்குன்னு அன்னிக்கு அக்கா கேட்டதுக்கு இப்பதான் பதில் கிடைச்சிருக்கு. விழாவுக்கு முன்னாடி அவளை அந்த நாற்காலியில உக்கார வச்சு, இந்தப் பின்குறிப்பை மட்டும் வாசிச்சுக் காட்டு. நல்லா சாஞ்சு உக்காந்து கேக்கச் சொல்லு.