கேலரியில் உட்கார்ந்து வண்டி ஓட்டுபவர்

பந்தயத் திடலில் வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு வகை. ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. இவர்களால் பெரிய தொந்தரவில்லை. மிஞ்சிப்போனால் சுவரில் மோதுவார்கள். இன்னொரு வகை, கேலரியில் உட்கார்ந்து, மடியில் வேகவைத்த நிலக்கடலைப் பையை வைத்துக்கொண்டு, களத்திலுள்ள அத்தனை வண்டிகளையும் ஒரே நேரத்தில் ஓட்டுகிறவர்கள். இவர்கள் இதுவரை எதிலும் மோதியதில்லை. அதுதான் சங்கடம்.

இவரை உங்களுக்குத் தெரியும். எந்த ஊரில் எந்தப் போட்டி நடந்தாலும், ஆடியவனைவிட அதிகமாக வியர்த்துப்போய் இறங்கி வருகிற ஒருவர் இருப்பார் அல்லவா? அவரேதான்.

வட கரோலினாவில், எங்கள் டோபின்வில் திடலில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ராய்ஸ் ஹப்பர்ட். சோபாத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிரக் பந்தயம் நடக்கும் வார இறுதியில், அதாவது வைக்கோலும் ஏணியும் ஏற்ற வேண்டிய பிக்கப் வண்டிகளை மின்னல் வேகத்தில் வட்டமடிக்க விடும் அந்த மூன்று நாளில், வெள்ளிக்கிழமை விடிந்ததுமே ராய்ஸ் வந்துவிடுவார், வேலியோரம் நின்று காற்றை மோந்து பார்ப்பார், தார்த்தரையை முறைப்பார், வழியில் போகிற மெக்கானிக்கை நிறுத்தி, "டயர்ல காத்து ஜாஸ்தி தம்பி" என்பார். எந்த டயர்? அதையெல்லாம் அவர் சொல்வதில்லை. பிறகு கேலரியில் ஏறி, ஓட்டுநர்களின் ரேடியோப் பேச்சைக் கேட்கும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார். வாசலில் வாடகைக்குக் கிடைப்பதுதான். நாங்கள் எல்லோருமே மாட்டிக்கொள்வோம். நாங்கள் கேட்போம். ராய்ஸ் பதில் சொல்வார்.

"மூணாவது வளைவுல அவ்வளவு சீக்கிரம் மிதிக்கலாமா? நான் மட்டும் அங்க இருந்திருந்தா..."

இந்த வாக்கியத்தை அவர் முடித்து நான் கேட்டதில்லை. அவர் மனைவி லொரீனும் கேட்டதில்லை. அவள் காதில் மாட்டுவது ஹெட்ஃபோன் அல்ல, பஞ்சு.

லொரீனின் அக்கா மகன் வேட் பிக்லரும் ஓட்டுநர். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பெரிய கம்பெனிகளின் வண்டிகளுக்கு நடுவே, தன் கையால் ஒட்டவைத்த ஒரே ஒரு டிரக்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவன். அது உடைந்தால் அடுத்தது கிடையாது. தலைமை மெக்கானிக் அவன் மனைவி மார்சி.

போன வசந்தகாலப் பந்தயத்தில் வேடுக்கு ஒரு சோதனை வந்தது. சீட்டில் வாரால் கட்டிப்போட்ட ஓட்டுநருக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. பக்கத்தில் வண்டி வருகிறதா என்று தெரியாது. அதற்காக ஒவ்வொரு அணிக்கும் ஒரு ஆள் கேலரியின் கூரைமேல் நின்று ரேடியோவில் வழி சொல்வான். அவனுக்கு ஸ்பாட்டர் என்று பெயர். அவன் இல்லாமல் வண்டியைக் களத்தில் இறக்க விடமாட்டார்கள். வேடின் ஸ்பாட்டர் ஹாய்ட், சனிக்கிழமை காலையில் தொண்டை கட்டிக்கொண்டு எழுந்தான். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

மார்சி கேலரிப் படிகளில் மூச்சிரைக்க ஏறி வந்தாள். ராய்ஸைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வேறு பக்கமும் பார்த்தாள். வேறு யாரும் தட்டுப்படவில்லை.

"மாமா, கண்ணு நல்லா தெரியுதா?"

"கழுகுக் கண்ணு."

"மூணே மூணு வார்த்தைதான். உள்பக்கம் வண்டி வந்தா 'உள்ள'. வெளிப்பக்கம் வந்தா 'வெளிய'. யாரும் இல்லன்னா 'காலி'. இத விட்டு வேற எதுவும் பேசக்கூடாது. முடியுமா?"

ராய்ஸ் சிரித்தார். வாழ்நாள் முழுக்க இந்த அழைப்புக்குக் காத்திருந்தவரின் சிரிப்பு. லொரீன் பஞ்சை எடுத்துவிட்டு மார்சியைக் கேட்டாள்: "மூணு வார்த்தையா? இந்த ஆளா?"

மத்தியானம் பந்தயம் தொடங்கியது. நான் லொரீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேடின் ரேடியோப் பேச்சைக் கேட்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், ராய்ஸ் பிரமாதமாகச் செய்தார். காரணம் பயம். கூரைமேல் நின்று பார்த்தால், கேலரியிலிருந்து பொம்மை மாதிரித் தெரிந்த வண்டிகளுக்குள் மனிதர்கள் இருப்பது தெரிகிறது போலும்; அதிலும் ஒருவன், சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து இதே பந்தயத்தைப் பார்த்தவன். "உள்ள." "காலி." "வெளிய... வெளிய... காலி." அவ்வளவுதான். கடைசி வரிசைகளில் கிளம்பிய வேட் ஒவ்வொரு வண்டியாகத் தாண்டி ஒன்பதாவது இடத்துக்கு வந்துவிட்டான். அவன் வாழ்க்கையில் பார்க்காத இடம். லொரீன் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்போது எங்கோ ஒரு வண்டி சுழன்று நிற்க, மஞ்சள் கொடி காட்டினார்கள். எல்லோரும் மெதுவாக வரிசையில் உருண்டார்கள். மூச்சு விட நேரம் கிடைத்த வேட், நல்ல பிள்ளையாக ஒரு வார்த்தை சொன்னான்:

"சித்தப்பா, ஹாய்ட்டவிட நீங்க தெளிவா சொல்றீங்க."

"வேட்!" என்று குறுக்கே வந்தது மார்சியின் குரல். "அவர்கிட்ட அப்படிச் சொல்லாத!"

நேரம் கடந்துவிட்டது. விதை விழுந்துவிட்டது. பயம் போய்விட்டது, ராய்ஸ் திரும்பி வந்துவிட்டார். பச்சைக் கொடி அசைந்து வண்டிகள் சீறிக் கிளம்பியபோது அவர் தொண்டையைச் செருமினார். கேலரி முழுக்க ஹெட்ஃபோன்களில் அது கேட்டது.

"வேட், நல்லா கேட்டுக்க. மூணாவது வளைவுல நீ அவசரப்பட்டு மிதிக்கிற. அது தப்பு. அந்தக் காலத்துல இங்க எப்படி ஓட்டுவாங்க தெரியுமா?"

"சித்தப்பா, உள்ள ஆள் இருக்கா?"

"இரு, சொல்லி முடிச்சிடறேன். வளைவுக்கு முன்னாடியே..."

"ஆள் இருக்கா இல்லையா?"

"காலி, காலி. வளைவுக்கு முன்னாடியே காலை எடுத்துட்டு..."

காலி இல்லை. நீல வண்டி ஒன்று இருந்தது. வேட் உள்பக்கம் ஒடித்தான். நீல வண்டியில் உரசி, எகிறி, வெளிச்சுவரில் வண்டியின் முகத்தைக் கொண்டுபோய் மோதினான். சத்தம் எங்களுக்குக் காலடியில் கேட்டது. பிறகு ரேடியோவில் ராய்ஸின் குரல், நாங்கள் யாரும் அதுவரை கேட்டிராத குரல்: "வேட்? டேய் வேட்? கண்ணா?"

பதில் வர ஒரு யுகம் ஆனது. "கை போச்சு சித்தப்பா. மத்தபடி இருக்கேன்."

இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. வண்டியின் முன்பக்கம் மூட்டை கட்டிய துணி மாதிரி இருந்தது. வண்டிகளைப் பழுது பார்க்கும் கொட்டகையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த வேட் முன்னால் ராய்ஸ் போய் நின்றார்.

"காலின்னீங்களே சித்தப்பா."

"சொன்னேன்."

ஒரே வார்த்தை. நான் கூடவே இருந்தேன். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மார்சி வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. "மாமா, அந்த விளக்கக் கொஞ்சம் பிடிங்க" என்றாள். பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் பிடித்தார். அடுத்து வந்த வாரங்களிலும், வேடின் பட்டறையில், வெல்டிங் பொறிக்கு நடுவே, வாயைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டிலும் பேசவில்லை. லொரீன் பஞ்சு வாங்குவதை நிறுத்தினாள். பிறகு பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்யலாமா என்று என்னைக் கேட்டாள்.

வண்டி எழுந்துவிட்டது. கோடை முடியும்போது வேடின் கையும் கூடியது, ஹாய்ட்டின் தொண்டை எப்போதோ திறந்துவிட்டது. இலையுதிர்காலப் பந்தயத்துக்கு எல்லோரும் மறுபடி டோபின்வில்லில் கூடினோம். ராய்ஸ் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தார். ஹெட்ஃபோனை மாட்டினார். கூரையிலிருந்து ஹாய்ட் "உள்ள, உள்ள, காலி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேட் பதினாலாவது இடத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தான். திருந்திவிட்டார் என்று நினைத்தேன். மனிதனுக்கு அடி பட்டால் புத்தி வரும் என்கிறார்களே, அதை நானும் நம்பியிருந்தேன்.

பாதிப் பந்தயத்தில் முன் வரிசைக்காரர் திரும்பி, "இந்த ஸ்பாட்டர் எப்படி, பரவாயில்லையா?" என்று யாரிடமோ கேட்டார்.

ராய்ஸ் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கினார்.

"சுமார்தான்" என்றார். "நான் ஸ்பாட்டரா இருந்த காலத்துல இப்படியெல்லாம் கிடையாது."

முன் வரிசைக்காரர் மரியாதையாக எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இனி அவரை எதிர்த்து யார் பேச முடியும்? முன்பெல்லாம் வெறும் ரசிகர், இப்போது அனுபவஸ்தர். லொரீன் கைப்பையில் பஞ்சைத் தேடினாள். அவள் முகத்தில் இருந்தது நிம்மதி என்று நான் சத்தியம் செய்வேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு கேள்வி. மார்சி படியேறி வந்தபோதே, 'ஐயோ, இவரைப் போய்க் கூப்பிடலாமா, வேற ஆளே இல்லையா?' என்று உங்களுக்குத் தோன்றியதா? மஞ்சள் கொடி நேரத்தில், 'வேட் வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கலாமே' என்று மனசுக்குள் சொன்னீர்களா? 'நானாக இருந்தால்' என்று ஒரு வாக்கியம், முடியாமல், எங்கேயாவது தொங்கிக்கொண்டிருக்கிறதா?

அப்படியானால் அடுத்த வசந்தத்தில் டோபின்வில்லுக்கு வாருங்கள். எங்கள் வரிசையில் இடம் இருக்கிறது. கடலை நாங்கள் தருகிறோம். கூரைக்குப் போகும் ஏணியை மட்டும் பூட்டி வைத்திருக்கிறோம்.