இடது முட்டியும் மூணாவது பெடலும்

"உசுரு இருக்கிற வரைக்கும் கியர் வண்டிதான் ஓட்டுவேன்!" என்று பைலட் சபதம் போட்டார். ஒற்றைக் காலில் நின்றுதான் போட்டார். இன்னொரு காலை ஊன்ற முடியவில்லை.

பைலட் என்றதும் ஆகாயத்தைப் பார்க்காதீர்கள். மனுஷர் ஓட்டுவது லாரி. வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ, துவைக்கிற மெஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுபோய் இறக்குகிற சொந்தத் தொழில். மனைவி சாமான்களைக் கட்டுவாள், வாடிக்கையாளரிடம் பேசுவாள், கூலியாட்களை மேய்ப்பாள், போகிற வழியையும் சொல்வாள். ஸ்டியரிங்கைப் பிடிப்பது ஒன்றுதான் இவர் பங்கு. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு லாரி ஸ்டாண்டில் பைலட் என்று பட்டம் வாங்கி, தரையில் கால் படாமல் திரிந்தார்.

அந்தக் காலுக்குத்தான் வந்தது வினை. ஒரு நாள் வண்டியைச் சுற்றிவந்து, டயரில் காற்று இருக்கிறதா என்று இடது காலால் ஓங்கி ஓர் உதை விட்டார். காற்று நன்றாகவே இருந்தது. முட்டிதான் போய்விட்டது.

"உள்ளே ஜவ்வு கிழிஞ்சிருக்கு. க்ளட்ச் பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர்.

துக்கம் தனியாக வருமா? இவர் முட்டியோடு கூட்டணி வைத்ததுபோல் பழைய லாரியும் இஞ்சினோடு படுத்துவிட்டது. வேறு வண்டி வாங்கியே ஆக வேண்டும். பழைய லாரி விற்கிற யார்டில் இரண்டு வண்டி தோதாக நின்றன. நீலம் கியர் வண்டி. பச்சை ஆட்டோமேட்டிக். அதில் க்ளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையும் கிடையாது. முட்டி போனவன் எதை வாங்க வேண்டும் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லிவிடும். பைலட் சின்னப் பிள்ளை இல்லையே, அதுதான் தொல்லை.

"அதெல்லாம் ஒரு வண்டியாம்மா? லிஃப்ட்டு! பட்டனை அமுக்கிட்டு ஓரமா நிக்க வேண்டியதுதான்."

"லிஃப்ட்டுல போறவங்களுக்கு முட்டி வலிக்காதுங்க."

"ஸ்டாண்டுல என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் என்ன, அழுதுக்கிட்டா இருக்காங்க?"

"கியரைக் கையில பிடிச்சாத்தான் நான் டிரைவர். இல்லைன்னா பயணிதான். புரியுதா உனக்கு?"

சொன்னதில் நடிப்பு இல்லை. வீட்டில் தனக்கென்று இருக்கிற ஒரே நாற்காலி அந்த டிரைவர் சீட்டுதான், அதையும் அந்தப் பச்சை வண்டி பிடுங்கிக்கொள்ளும் என்று மனுஷருக்கு உள்ளூரப் பயம். மனைவி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் உஷாராக வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து உண்டு. அவருடைய முட்டிக்கு இரண்டு வேஷம். யார்டுக்குப் போனால் குதிரை முட்டி. வீட்டுக்கு வந்தால் கண்ணாடி முட்டி. மாடியில் துணி காயப்போடச் சொன்னால், "ஐயோ, முட்டி!" தண்ணீர்க் கேனைத் தூக்கச் சொன்னால், "அம்மாடி, முட்டி!" பரணில் இருக்கிற பெட்டியைப் பார்த்தாலே முட்டி.

இப்படியே இரண்டு மாசம் ஓடிய பிறகு, ஒரு காலையில் மனைவி காபியைக் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"முட்டி இப்ப எப்படிங்க இருக்கு?"

பைலட் ஒரு வாய் குடித்து யோசித்தார். "எதுக்குக் கேக்கிற? வண்டி ஓட்டறதுக்கா, துணி காயப்போடறதுக்கா?"

"ரெண்டுக்கும் ஒரே முட்டிதானேங்க?"

மாட்டிக்கொண்டார். வலி என்றால் பச்சை வண்டி. வலி இல்லை என்றால் மொட்டை மாடி. நீல வண்டியின் கியர் கம்பி கண் முன்னே வந்து ஆடியது.

"பரிபூரணமா குணமாயிடுச்சு!" என்றார்.

"அப்பாடா!" என்று அவள் ஈரத்துணி வாளியை நீட்டினாள்.

அப்புறம் அந்த வாரம் முழுக்க அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வாளியோடு மூன்று மாடி ஏறுவார். மேலே போய், யாரும் பார்க்காத இடத்தில் முட்டியைக் கட்டிப்பிடித்து வாயைத் திறந்து சத்தமில்லாமல் அலறுவார். இறங்கும்போது படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து, வழுக்கிக்கொண்டே வருவார். கடைசிப் படியில் எழுந்து, விசிலடித்தபடி உள்ளே நுழைவார். "எவ்வளவு உற்சாகம்!" என்று அவள் தண்ணீர்க் கேனைக் காட்டுவாள்.

இவ்வளவு பட்டும், "எதுக்கும் நாளைக்கு நேர்ல போய் ரெண்டு வண்டியையும் பார்த்துட்டு முடிவு பண்ணலாங்க" என்று சொல்லிவிட்டாள். பைலட்டுக்குப் பகீர் என்றது. அவள் நேரில் வந்து வாயைத் திறந்தால் யார்டுக்காரர் அந்தப் பச்சையைச் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவாரே!

அன்று சாயங்காலமே நொண்டிக்கொண்டு யார்டுக்கு ஓடினார்.

"அண்ணே, ஒரு உதவி. நாளைக்கு வீட்டுக்காரி வருவா. பச்சை வண்டி வித்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

யார்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திடீரென்று இருமல் வந்துவிட்டது. திரும்பி நின்று தோள் குலுங்க இருமினார்.

"அவ்வளவுதானே தம்பி? சொல்லிட்டாப் போச்சு."

மறுநாள் சொன்னபடியே சொன்னார். முகத்தை அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டு, "பச்சை வித்துப்போச்சுங்களே அக்கா" என்றார்.

"அடடா, நம்ம அதிர்ஷ்டம் அவ்வளவுதான்" என்றாள் மனைவி. "சரி, நீலத்தையே எடுத்துக்குவோம். ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்களேன்."

பைலட்டுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தாவி ஏறப் பார்த்தார், முடியாமல் தவழ்ந்து ஏறினார். மனைவி நடுவில் உட்கார, யார்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதல் கியர். ஆஹா! இரண்டாவது கியர். ஆஹா... அம்மா!

"என்னங்க?"

"அம்மா ஞாபகம் வந்துடுச்சு."

"இடது பக்கம் திருப்புங்க. கடைத்தெரு வழியாப் போயிடலாம்."

"பள்ளிக்கூடம் விடற நேரம்மா. நெரிசலா இருக்குமே?"

"நெரிசல்ல ஓட்டினாத்தானே வண்டியைப் பத்தித் தெரியும்?"

கடைத்தெருவில் லாரி ஊரவில்லை, நகரவில்லை, விக்கியது. நாலு அடி போனால் க்ளட்ச். நின்றால் க்ளட்ச். முன்னால் ஒரு சைக்கிள்காரர் செருப்பு கழன்று இறங்கினால் அதற்கும் க்ளட்ச். போதாக்குறைக்கு, "கொஞ்சம் நிறுத்துங்க, பட்டன் வாங்கணும்" என்பாள். வாங்கி வந்து, "ஐயோ, நூலை மறந்துட்டேன்" என்பாள். முட்டிக்குள் யாரோ உட்கார்ந்து ஆணி அடிப்பதுபோல் இருந்தது. கால் தானாக மேலே எழ மறுத்தது. பேன்ட்டைக் கொத்தாகப் பிடித்து, காலைத் தூக்கி, பெடல் மேல் வைத்தார்.

"ஏங்க பேன்ட்டைப் பிடிச்சு இழுக்கறீங்க?"

"இஸ்திரி கலையக்கூடாதில்ல."

"ஏன் இப்படி வேர்க்குது?"

"சந்தோஷத்துலம்மா."

"கண்ணுல தண்ணி?"

"அதுவும் அதுதான்!"

பாலத்து ஏற்றத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. பைலட் க்ளட்ச்சை மிதித்தார். மிதித்த கால் மிதித்தபடியே பூட்டிக்கொண்டது. பச்சை விழுந்தது. காலை எடுக்க முடியவில்லை. பேன்ட்டை இழுத்தார், பேன்ட்தான் வந்தது. பின்னாலிருந்த வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன.

"பச்சை விழுந்துடுச்சுங்க."

"தெரியுது."

"போகலாங்க."

"போகலாம்தான். கால் வரணுமே!" என்று கத்திவிட்டு, ஸ்டியரிங் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "வலிக்குதும்மா. உயிர் போற மாதிரி வலிக்குது. ஒரு நாள்கூடக் குறையலை. துணி காயப்போட்டப்பவும் வலிச்சது. எனக்கு வேற வேலை தெரியாதேன்னுதான் சொல்லலை."

அவள் சட்டென்று குனிந்து, இரண்டு கையாலும் அவர் காலை மெல்ல எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "இதைச் சொல்ல இவ்வளவு நாளா? உங்க வாயால வரட்டும்னுதான் நானும் ராட்சசி மாதிரி வாளியைக் குடுத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். யார்டுக்காரர் அந்தப் பக்கமாகச் சுற்றிவந்து, இவர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, வண்டியைத் திரும்ப யார்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

இறங்கியதும் பைலட் ஒரு பெருமூச்சு விட்டார். "சரிம்மா, நீ சொன்னபடியே பச்சை வண்டியையே எடுத்துக்கலாம்."

"அதான் வித்துப்போச்சுன்னு சொன்னாரே?"

"அது... அது நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"இல்லை தம்பி, நிஜமாவே வித்துப்போச்சு" என்றார் யார்டுக்காரர். "நீங்க வந்து பொய் சொல்லச் சொன்னீங்களே, அதுக்கு முதல் நாளே வித்தாச்சு. சிரிப்பை அடக்கறதுக்குள்ள எனக்கு இருமலே வந்துடுச்சு."

"யாரு வாங்கினது?"

யார்டுக்காரர் பச்சை வண்டியின் சாவியை எடுத்து அக்கா கையில் கொடுத்தார்.

பைலட் வாயைப் பிளந்தார். அப்புறம் மனசு உருகிவிட்டது. தன் முட்டிக்காக, தன்னிடம் சொல்லாமலேயே, இவ்வளவு பண்ணியிருக்கிறாளே! "என் முட்டிக்காகத்தானே வாங்கினே?" என்று தழுதழுத்தபடி சாவிக்குக் கையை நீட்டினார்.

"அதுக்கும்தான்" என்றாள் அவள். சாவி கைமாறவில்லை. "ரெண்டு மாசமா நீங்க காலைத் தலகாணி மேல வெச்சுப் படுத்திருந்தீங்களே, தினமும் சாயங்காலம் நான் எங்கே போயிட்டு வரேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? லாரி ஓட்டக் கத்துக்கிட்டேங்க. லைசென்ஸும் வந்தாச்சு. இந்தக் கியர் ஒண்ணுதான் எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடலை."

சொல்லிக்கொண்டே, யார்டின் ஓரமாக நின்ற பச்சை வண்டியில் டிரைவர் பக்கம் ஏறி, கதவைச் சாத்தி, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வண்டி உறுமலே இல்லாமல் உயிர் பெற்றது. ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ரிவர்ஸ் எடுக்கணுங்க. பின்னாடி போய் நின்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

பைலட் நொண்டி நொண்டிப் பின்னால் போனார். லாரியின் பலகையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.

"வரலாம்... வரலாம்..."