மூக்கு திறந்தவர்

சைனஸ் அறுவை முடிந்து மூக்கு திறந்தவர்கள் என்றொரு இனம் உண்டு. எங்கள் மினசோட்டாவில் பாதி வருடம் பனிக்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கிடப்பதால், இவர்களிடமிருந்து தப்ப வழியே இல்லை.

எங்கள் தெரு டுவெய்ன் ஹால்வர்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினோரு வருடம் வாசனையே தெரியாமல், மனைவி மார்லிஸ் வைத்ததையெல்லாம் சப்புக்கொட்டித் தின்ற சாது. அறுவை நடந்தது. மூக்கு திறந்தது. கூடவே வாயும். இப்போது அவர் உங்கள் வீட்டு வாசலில் கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்து, "நாய் நனைஞ்சுதா? பேஸ்மெண்ட்ல பூஞ்சை இருக்கே!" என்று அறிவித்து, சோபாவை முகர்ந்து, தன் மூக்கின் ஸ்கேன் படங்களைப் போனில் காட்டி, மூக்கு கழுவும் உப்புநீர்ப் புட்டியோடு உங்கள் குளியலறைக்குள் நுழைந்துவிடுவார். மறுக்க முடியுமா? டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுடும் மார்லிஸின் ஹாட்டிஷ்தான், சர்ச் விருந்தில் இருபது வருடமாக முதலில் காலியாகும் பாத்திரம். ஊரில் அவருக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான். போன ஞாயிறு, மூக்கைக் கழுவிய கையோடு வந்த டுவெய்ன், நாற்பது பேர் தட்டோடு நிற்க, அதன்மேல் குனிந்தார்.

"மார்லிஸ், வெங்காயம் கருகியிருக்கே! இத்தனை வருஷமாவா இப்படி?"

கழுவிய மூக்கில் தங்கும் தண்ணீர், குனிந்தால்தான் இறங்கும். இறங்கியது. தாராளமாக. நேராக ஹாட்டிஷ்ஷில்.

எங்கள் ஊர்க்காரர்கள் முகம் சுளிக்கத் தெரியாதவர்கள். "இன்னிக்கு எனக்கு சாலட்டே போதும், மார்லிஸ்" என்று ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். நானும்தான். நிறைந்த பாத்திரத்தை மார்லிஸ் காருக்குத் தூக்கிப் போனதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் டுவெய்னின் மூக்கு மறுபரிசோதனைக்கு அவரையும் மார்லிஸையும் டாக்டரிடம் கூட்டிப்போனவன் நான். அங்கே ஒரு படிவம் கொடுப்பார்கள்: மூக்கு ஒழுகல், எரிச்சல், தூக்கமின்மை, சோகம், சங்கடம் என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை போடவேண்டும். டுவெய்ன் வரிசையாகப் பூஜ்யம் போட்டார்.

"ஒரு கஷ்டமும் இல்ல, பாத்தியா!"

மார்லிஸ் பேனாவைப் பிடுங்கினார். "குடு இப்படி. எரிச்சல், அஞ்சு. தூக்கமில்ல, அஞ்சு. சங்கடம்... ஏம்மா, அஞ்சுக்கு மேல கிடையாதா?"

வரவேற்பறைப் பெண் இன்னொரு படிவத்தை நீட்டினாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. நீங்கள் கடைசியாகக் குணமாக்கிக்கொண்டது எது, முட்டியா, பல்லா, வயிறா? வீட்டில் இருப்பவரிடம் ஒரு பேனாவைக் கொடுத்துப் பாருங்கள்.