இருபத்தொரு டிகிரியில் இருள்

கலைக்காக எதையும் இழக்கத் துணிந்த மாமனிதர்களின் வரிசையில் கௌரிசங்கருக்கு இடம் தராவிட்டால், வெட்கப்பட வேண்டியது வரலாறுதான். ஷார்ஜா தொழிற்பேட்டையில் டயர் கிடங்காக இருந்து, வெள்ளையடித்ததும் 'நவீன கலைக்கூடமாக' உயர்ந்த கொட்டகைக்கு அவர் மேலாளர்.

மற்ற கலைக்கூடங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஓடிப்போகும் ஆகஸ்டில் அவர் 'இருள்' என்ற கண்காட்சியை அறிவித்தார். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே செக் நாட்டு நவீன ஓவியர்கள் பார்த்த இருண்ட பக்கம்: வேலை போனவர்கள், பட்டினி, காலில்லாத சிப்பாய்கள், தலையில்லாத பொம்மைகள். பிராகிலிருந்து வந்த பெட்டிகளின் மேல் 'கவனம், எளிதில் உடையும்' என்று எழுதியிருந்தது. படித்ததுமே கௌரிசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு இளகிய மனசு.

முக்கியமான ஓவியத்தின் பெயர் 'உலை'. உலை வாயில் ஒரு தொழிலாளி சுருண்டு கிடக்கிறான். பக்கத்தில் கோட்டுப் போட்ட கனவான் ஒருவர், அவனைப் பார்க்காமல் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கனவானுக்கு முகம் கிடையாது. ஓவியர் அந்த இடத்தை வெறும் கறுப்பாக விட்டுவிட்டார். "முகமில்லாத கொடுமை" என்று அதற்கு விளக்க அட்டை எழுதியவர் கௌரிசங்கரேதான்.

திறப்பு விழா அன்று, மதிய இடைவேளை பார்த்து ஏசி நின்றது. கூடத்தில் இருபத்தொரு டிகிரியைத் தாண்டினால் ஓவியங்கள் அன்றே பெட்டி ஏறும் என்பது பிராக்காரர்கள் போட்ட நிபந்தனை. ஏசி மெஷினோ தகரக் கூரைமேல். மெக்கானிக் ராமையா சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சார், இப்ப பிரேக். மூணு மணி வரைக்கும் வெயில்ல வேலை பாக்கக் கூடாதுன்னு கவர்மென்ட் ரூல்."

"அது தொழிலாளிக்கு. நீ இன்னைக்குக் கலைஞன். இது வேலையே இல்லப்பா, 'நிகழ்த்துகலை'. மனிதன், சூரியன், தகரம்."

சொன்னதோடு நிற்கவில்லை. 'கலைஞர்' என்று அச்சடித்த அட்டையை அவன் கழுத்தில் தம் கையாலேயே மாட்டினார். எந்த நாட்டில் ஐயா இவ்வளவு சுலபமாகப் பட்டம் கொடுக்கிறார்கள்?

"பேரை மாத்திட்டா தகரம் சுடாதா சார்? வெள்ளிக்கிழமை எனக்கு ஃப்ளைட்டு. நாலு வருஷம் கழிச்சு ஊருக்குப் போறேன். எம் பொண்டாட்டி பூவாயி நாளை எண்ணிக்கிட்டு இருக்கா."

"உன் லீவுக்கு நான் இன்னும் ஓகே சொல்லலையே" என்றார் கௌரிசங்கர், மிகுந்த கனிவோடு.

ராமையா சோற்றை மூடி வைத்துவிட்டு ஏணியில் ஏறினான். ஏணியைப் பிடித்துக்கொண்ட அருள்முருகன் அவனுடைய ரூம்காரன்.

"சார், தண்ணி குடிக்கவாவது அண்ணனை இறங்கச் சொல்லுங்க."

"நிகழ்ச்சி நடுவுல கலைஞனைத் தொந்தரவு பண்ணக் கூடாது."

கொஞ்ச நேரத்தில் ஏசி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அப்புறம் தகரத்தில் தொப்பென்று ஒரு சத்தம். அருள்முருகன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தான்.

"சார், ராமையா அண்ணன் விழுந்து கிடக்காரு. கூப்பிட்டா பேச்சில்ல."

கௌரிசங்கர் சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏசி ஓடுதுல்ல?"

"ஓடுது சார்."

"ஆம்புலன்ஸைப் பின்பக்கமா வரச் சொல்லு. முன்னாடி சிவப்புக் கம்பளம் விரிச்சிருக்கு."

மாலையில் விருந்தினர்கள் வந்தார்கள். கூடம் இருபத்தொரு டிகிரியில் சொகுசாக இருந்தது. கோட்டுப் போட்ட கௌரிசங்கர் 'உலை'க்கு முன்னால் நின்று பேசினார். "இந்த மனிதன் விழுந்தபோது இவனுக்காக அழ அங்கே ஒரு ஆள் இல்லை" என்று சொல்லிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செக் தொழிலாளிக்கு எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அந்த நேரம் பார்த்து அருள்முருகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவர் காதோரம் குனிந்தான்.

"சார், ராமையா அண்ணன் போயிட்டாரு."

"பேசாதே. மௌன அஞ்சலி நடக்குது."

அஞ்சலி முடிந்ததும் போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துக் கண்ணாடியில உங்க முகம் விழுது."

கௌரிசங்கர் திரும்பிப் பார்த்தார். கனவானின் கோட்டுக்கு மேலே, இத்தனை காலமும் காலியாகக் கிடந்த கறுப்பில், அவர் முகம் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

விளக்க அட்டையில் ஒரே ஒரு திருத்தம்தான் பாக்கி. 'முகமில்லாத' என்பதை அடித்துவிட்டு, பெயரைப் போட வேண்டும்.