பரணைத் தவிர எல்லாத்துக்கும் இன்சூரன்ஸ்

உயிரே போனாலும் அந்தப் பரண் பக்கம் ஒரு பயலையும் அண்ட விடுவதில்லை என்று வேடியப்பன் முடிவு கட்டிவிட்டான்.

பரண்மேல், பழைய பாய்க்குப் பின்னால், ஒரு மூட்டை மிளகு இருந்தது. மாரமங்கலத்தில் பங்குக்கு மிளகு பறித்ததில் அவனுக்கு வந்தது. விலை ஏறட்டும், விற்று ஒரு பழைய புல்லட் வாங்கி, அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் அதிர அதிர ஏற்காடு ஏறி வரவேண்டும். அதுதான் அவன் கனவு. பெண்டாட்டி கனகாவுக்குத் தெரியாது. அவளிடம், "கொடியையெல்லாம் காட்டெருமை மேஞ்சிருச்சு புள்ள, ஒண்ணும் தேறல" என்று சொல்லியிருந்தான்.

"காட்டெருமை மரம் ஏறுமாங்க?" என்று கேட்டாள் கனகா. கேட்டதோடு விட்டுவிட்டாள். அவள் அப்படி லேசில் விடுகிறவள் இல்லை. அன்றைக்குப் பிடித்த சந்தேகம்தான் வேடியப்பனுக்கு.

இப்போது திடீரென்று இன்சூரன்ஸ் என்கிறாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஸ்டெபின் தம்பி வருதுங்க. ஊட்டுச் சாமானையெல்லாம் போட்டோ புடிக்கோணுமாம்."

"ஊடு யாருது?"

"ஓனருதுங்க."

"அப்ப அவன் போடட்டும். வாடகைக்கு இருக்கறவன் இன்சூரன்ஸ் போடறது, பக்கத்து ஊட்டு மாட்டுக்கு நாம புல்லறுத்துப் போடற கதை."

"அவரு போட்டா செவுத்துக்குத்தான் பணம் வருமாமுங்க. உள்ள இருக்கற டிவியும் பீரோவும் எரிஞ்சா நமக்குச் சாம்பல்தான் மிஞ்சுமாம்."

"யாரு சொன்னா?"

"ஸ்டெபின் தம்பிதான்."

"கருவாடு விக்கறவன் நாறுதுன்னா சொல்லுவான்?"

வாய் அப்படிப் பேசினாலும் மனசு பரணுக்கு ஓடியது. போட்டோ என்கிற சாக்கில் பரணைத் திறக்கப் பார்க்கிறாளோ? அந்த ஸ்டெபினும் கூட்டுக் களவாணியோ? வேடியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பல் தேய்க்கும்போதும் கண் பரணில். மகளை மடியில் வைத்துக் கொஞ்சும்போதும் கண் பரணில்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெபின் ஈரக் குடையோடு வந்து நின்றான். கேள்வி கேட்டே ஆளை விரட்டிவிடலாம் என்று வேடியப்பன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

"ஏந்தம்பி, தீப்புடிச்சாக் குடுப்பீங்களா?"

"குடுப்போமுங்கண்ணா."

"தண்ணி எறங்கி டிவி போச்சுன்னா?"

"பைப்பு வெடிச்சுப் போனா உண்டுங்க. பனியில பூசணம் புடிச்சாக் கெடையாதுங்க."

"இந்த ஊர்ல பூசணம் புடிக்காதது எம்பொண்டாட்டி நாக்கு ஒண்ணுதான். அதை வெச்சு நான் என்ன பண்ண? இடி விழுந்தா?"

"இடி, மின்னலுக்கெல்லாம் உண்டுங்கண்ணா. ஆனா சொல்லாம மறைச்ச சாமானுக்குக் கெடையாதுங்க. எல்லாத்தையும் காட்டிப்புடோணும். ஏனுங்கக்கா, அந்தப் பரண்ல என்னங்க?"

வேடியப்பன் நகர்ந்து பரணுக்கு நேர் கீழே நின்றுகொண்டான்.

"பழைய பாயி தம்பி. அதை உட்டுருங்க" என்றாள் கனகா.

அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே, இவள் ஏன் மறைக்கிறாள் என்று புதுச் சந்தேகம் முளைத்தது.

அந்த நேரம் பார்த்து இடித்தது. போன மழைக்கு எதிர் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தை ரெண்டாகப் பிளந்ததே, அந்த ஜாதி இடி. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. வேடியப்பன் மனசுக்குள் புல்லட் தீப்பிடித்து எரிந்தது. சொல்லாத சாமானுக்குக் கிடையாதாமே!

"தம்பி, எழுதிக்க! பரண்மேல ஒரு மூட்டை மிளகு இருக்குது!"

கனகா பாப்பாவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

ஸ்டெபின் தலையைச் சொறிந்தான். "விக்கறதுக்கு வெச்ச சரக்குன்னா இதுல சேராதுங்களேண்ணா."

"விக்கறதுக்கா? ரசத்துக்குப்பா!"

"ஒரு மூட்டையுங்களா?"

"எங்க ஊட்டுல நொம்பக் காரம் திம்போம்."

"செரி, எறக்குங்கண்ணா. பாத்துக்கலாம்."

வேடியப்பன் முக்காலி போட்டு ஏறினான். வேட்டியை மடித்துக் கட்டி, காலை அகட்டி நின்று, "முருகா!" என்று தம் கட்டித் தூக்கினான். மூட்டை பஞ்சுப் பொதி மாதிரி விருட்டென்று தலைக்கு மேல் போனது. போன வேகத்தில் அவனையும் இழுத்துக்கொண்டு கட்டிலில் விழுந்தது. வாய்க்கட்டு அவிழ்ந்து, அறையெல்லாம் காப்பிக்கொட்டை உமி பறந்தது.

"மிளகு எங்க புள்ள?"

"வித்துப்போட்டனுங்க."

"எப்ப?"

"நீங்க பாயை வெச்சு மூடுனீங்கல்ல, அதுக்கு அடுத்த சந்தையில. பாப்பா காதைப் பாருங்க."

பார்த்தான். புதுத் தங்கத் தோடு மினுக்கியது. பரணைப் பார்த்த கண் பிள்ளை காதைப் பார்க்கவே இல்லை.

"மிச்சத்துலதான் இந்த இன்சூரன்ஸுங்க" என்றாள் கனகா.

வேடியப்பன் உமியைத் துப்பிக்கொண்டு எழுந்தான். "திருட்டு! பட்டப்பகல் திருட்டு! தம்பி, திருட்டுக்குக் குடுப்பீங்கல்ல?"

"குடுப்போமுங்கண்ணா. ஆனா ஊட்டாளுங்களே எடுத்தாக் கெடையாதுங்க."

கனகா பாப்பா தலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டாள்.

"அதையும் மிளகை விக்கறதுக்கு முந்தியே தம்பிகிட்டக் கேட்டுக்கிட்டனுங்க."