பொனட்டில் காது வைத்த சித்தர்

கண்டியிலிருந்து தெல்தெனியவுக்குப் போகிறவர்கள் திகன தாண்டியதும் வாகனங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டால் விபத்தோ என்று பயப்பட வேண்டாம். விபத்து அறிவுக்குத்தான். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கர சித்தரிடம் வாக்குக் கேட்க வந்தவர்களின் வரிசை அது.

சக்கர சித்தர் மனிதருக்குக் குறி சொல்ல மாட்டார். வாகனங்களுக்கு மட்டுந்தான் சொல்வார். எஞ்சினை மூடும் பொனட்டின் மேல் சிவப்புப் பட்டுத் துணி விரித்து, அதில் இடது காதை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். கார் பேசும். எந்த மொழியில் பேசும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. யப்பானில் பிறந்த காருக்குத் தமிழ் எப்படி வந்தது என்ற சந்தேகம் வரிசையில் நின்ற பட்டதாரிகளுக்குக்கூட வரவில்லை. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நேரே வந்தவர், பன்சலையில் புத்தருக்குப் பூ வைத்துவிட்டு வந்தவர், கோயில் திருநீறு நெற்றியில் காயாதவர் எல்லாரும் முன்பின் நின்று ஒருவருக்கொருவர் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டார்கள். பெரிய பெரிய தலைவர்கள் மேடை போட்டும் வராத இன ஒற்றுமை, ஏமாறுகிற இடத்தில் தானாக வந்துவிட்டது.

அந்த வரிசையில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரும் நின்றது. உள்ளே மஹய்யாவ ஊர்ச் சந்திரகுமார். கட்டுகஸ்தோட்டையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். அந்தக் காருக்கு முந்நூறு குதிரை வலு. வீட்டிலிருந்து கடைக்குப் போக முந்நூறு குதிரையும் சேர்ந்து முக்கால் மணி நேரம் எடுக்கும். கண்டி நெரிசல் அப்படி. மூன்றாவது கியரை அவன் கடைசியாகப் போட்டது எப்போது என்று அவனுக்கே நினைவில்லை. ஆனாலும் சந்திகளில் நிற்கும்போது காலால் ஒரு அழுத்து அழுத்தி உறும வைப்பான். பக்கத்து பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் முந்நூறு குதிரை.

இப்போது அவனுக்கு ஒரு மஞ்சள் காரின் மேல் ஆசை வந்திருந்தது. ஜெர்மன் கார். நானூறு குதிரை. சிவப்பைக் கொடுத்து மஞ்சளை எடுப்பதா வேண்டாமா என்று மூன்று மாதமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இதைத் தீர்மானிக்க வழி இருக்கிறது. இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம். வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பார்க்கலாம். மெக்கானிக்கைக் கூட்டிப்போய் அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லலாம். இதெல்லாம் சாதாரண மனிதர்கள் செய்கிற வேலை. சந்திரகுமார் சித்தரிடம் போனான்.

முதல் நாளே அவன் ஆடிப்போய்விட்டான். காரை முதலில் "சுத்தி அறை"க்குள் விடச் சொன்னார்கள். அது காவித் திரை தொங்கும் தகரக் கொட்டகை. உள்ளே இருபது நிமிடம் சாம்பிராணிப் புகை. உரிமையாளருக்கு உள்ளே போக அனுமதி இல்லை. பிறகு கார் வெளியே வந்தது. தலையில் பெரிய முண்டாசோடு சித்தரும் வந்தார். பொனட்டில் காதை வைத்தார்.

"அக்கினி தோஷம்," என்றார் சித்தர். "மூன்றாவது அடுப்பிலே நெருப்பு தடுமாறுது. ஏற்றத்திலே இருமுது."

உண்மைதான். இரண்டு வாரமாக ஏற்றத்தில் கார் இருமிக்கொண்டுதான் இருந்தது. சந்திரகுமாரின் கை தானாகக் கூம்பியது.

"இன்னும் நாற்பத்தெட்டு நாள். ஒரு வளைவிலே இந்தச் சிவப்பு உன்னைக் கைவிடும். பக்கத்திலே ஒரு மஞ்சள் வாகனம் உன் பெயரைச் சொல்லி அழைக்குது, மகனே."

பக்கத்திலே என்றால் உண்மையிலேயே பக்கத்தில். சித்தர் வீட்டு மதிலுக்கு அடுத்த பக்கம் ஸ்ரீதரனின் கார் விற்பனை நிலையம். மஞ்சள் அங்கேதான் நின்றது. எல்லாம் தெய்வச் செயல்.

ஸ்ரீதரன் கேட்டது அதிகமில்லை. சிவப்புக் கார், அதற்கு மேல் தெல்தெனியவில் இருக்கும் பதினைந்து பேர்ச், ஒரு வீடு கட்டும் அளவுக் காணி. அவ்வளவுதான். ஆனால் அந்தக் காணி சந்திரகுமாருடையது அல்ல. அவன் மனைவி சிந்துஜாவின் பெயரில் இருந்தது. அவளுடைய அம்மா வேலாயி முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்து, ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாபப் பணத்தில் வாங்கிக் கொடுத்தது. நாலு தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்து லயக் காம்பரா என்ற ஒற்றை அறையில் பிறந்து அங்கேயே செத்த குடும்பத்துக்கு, என்னுடையது என்று சொல்லக் கிடைத்த முதல் மண் அது. அதைத்தான் நாலு டயருக்குக் கேட்டார்கள்.

"அந்த மண்ணைக் குடுத்தா அம்மா முகத்துல நான் எப்புடிங்க முழிப்பேன்?" என்றாள் சிந்துஜா. பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். அதிகம் பேச மாட்டாள்.

"உசுரு பெருசா, மண்ணு பெருசா? நாப்பத்தெட்டு நாள்னு சொல்லிட்டாரு. மூணாவது அடுப்புனு எப்புடிச் சொன்னாரு, சொல்லு பாப்போம். பொனட்டத் தொறக்கவே இல்ல."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவன் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

மறுநாள் கடைக்குப் போகும்போது ஸ்டியரிங்குக்குக் கீழே ஏதோ முழங்காலில் கீறியது. கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. சித்தரின் அருள் பட்ட இடம் என்று அந்தக் கீறலைத் தடவிக் கொடுத்தான். சாயந்தரம் வீட்டில் சொன்னபோது சிந்துஜா போய்க் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். அடுத்த நாள் மெக்கானிக் ரிஸ்கானைக் கூட்டி வந்துவிட்டாள்.

"இது கம்பியூட்டர் பிளக் போடுற எடம் அண்ணன்," என்றான் ரிஸ்கான். "நாங்க ஸ்கேனர் குத்தினா, எங்க பிழை ஈக்குதுன்னு காரே எழுதிக் காட்டும். நெருப்புப் பொறி குடுக்கிற மூணாவது கொயில் பழுது. காமணித்தியால வேல. அதுக்கு ஏன் காரக் குடுக்கிறீங்க?"

"சித்தர் ஸ்கேனர் வச்சிருக்கல தம்பி. காது வச்சாரு."

ரிஸ்கான் சிந்துஜாவைப் பார்த்தான். சிந்துஜா ரிஸ்கானைப் பார்த்தாள். பிறகு இருவரும் பொனட்டைத் திறந்து வைத்து என்னவோ பேசிக்கொண்டார்கள். சந்திரகுமார் உள்ளே போய் மஞ்சள் காரின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிரவு சிந்துஜா கையெழுத்துப் போடச் சம்மதித்தாள்.

"ஒண்ணு மட்டுங்க. போடுறதுக்கு முந்தி, சித்தர் காது வக்கிறத நானும் கண்ணால பாக்கணும்."

அதற்கு வசதியாகவே ஒரு சடங்கு இருந்தது. பழைய காரைக் கைமாற்றும் முன் அதனிடம் விடை கேட்க வேண்டுமாம். விடை கேட்காமல் விற்றால் பழைய கார் புதிய காருக்குச் சாபம் போடுமாம். இரும்புக்கும் சக்களத்திச் சண்டை உண்டு என்று கண்டுபிடித்த மேதையை உலகம் இன்னும் கௌரவிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். திகனவில் பிளேன்டீ குடிக்க நிறுத்தியபோது சிந்துஜா, "நீங்க போய் டீக்குச் சொல்லுங்க. நான் எஞ்சினுக்கு ஒரு கற்பூரம் காட்டிட்டு வாறேன்," என்றாள். சந்திரகுமாருக்குக் கண் கலங்கியது. பதினாறு வருடத்தில் அவள் சாமிப்படத்துக்கே ஒழுங்காகக் கற்பூரம் காட்டியதில்லை. மனைவி திருந்திவிட்டாள் என்று சந்தோஷத்தில் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டான்.

மறுபடி கிளப்பியதும் மீட்டர் பலகையில் மஞ்சள் லைட் ஒன்று எரிந்தது. முன்னால் விசிறி பேயாகச் சுற்றியது.

"பாத்தியா," என்றான் மெதுவாக, காருக்குக் கேட்டுவிடாமல். "விக்கப் போறோம்னு தெரிஞ்சிருச்சு. கோவப்படுது."

"ஆமாங்க. பாவம்," என்றாள் சிந்துஜா.

சித்தர் வீட்டில் கையெழுத்துக்காரருக்கு முன்னுரிமை. கார் நேரே திரைக்குள் போனது. முற்றத்தில் மேசை போட்டு, பத்திரம் எழுதும் நொத்தாரிஸ் ஒருவர் காணி உறுதியை விரித்துப் பேனாவை அதன் மேல் வைத்திருந்தார். கூட்டம் இருநூறு பேருக்குக் குறையாது. கார் வெளியே வந்தது. சித்தர் வந்தார். பட்டுத் துணியை விரித்தார். காதை வைத்தார்.

வைத்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மறுபடி வைத்தார். உடம்பு நடுங்கியது.

"குளிர்," என்றார். "அய்யோ, என்ன குளிர். இதனுடைய நெஞ்சுக்குள்ளே பனி. நாற்பது பாகை, அதுவும் சுழியத்துக்குக் கீழே. இமயத்திலே உறைஞ்சு செத்த ஒரு ஆத்மா இதுக்குள்ளே புகுந்திருக்கு. மகளே, சீக்கிரம் கையெழுத்தைப் போடு. இதை இன்றைக்கே விட்டுவிடுங்கள்."

கூட்டம் முழுவதும் கை கூப்பியது. முன்வரிசையில் நின்ற ஒருவர் மனம் தாங்காமல் தன் சால்வையை எடுத்துப் பொனட்டுக்குப் போர்த்திவிட்டார். நல்ல வெயில். எல்லாருக்கும் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் நாலைந்து பேருக்குக் குளிர்ந்தது.

சிந்துஜா பேனாவை எடுத்தாள். எடுத்தவள் அதை மூடி மேசையில் வைத்துவிட்டுக் காரிடம் போனாள். சால்வையை மடித்து உரியவரிடம் கொடுத்தாள். பொனட்டைத் திறந்தாள்.

"சாமி, உள்ள பனின்னு சொல்றீங்க. ஒருக்கா கைய வச்சுக் காட்டுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

சித்தர் உள்ளே பார்த்தார். எஞ்சினிலிருந்து அனல் முகத்தில் அடித்தது. "தவத்திலே இருக்கிறவன் இரும்பைத் தொடக் கூடாது," என்று ஓர் அடி பின்னே போனார்.

"காது வைக்கலாம். கை வைக்கக் கூடாதா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு. சித்தரைப் பெண்ணொருத்தி சந்தேகப்படுகிறாள். அவள் புருஷன் ஒரு மனிதனா என்று யாரோ கேட்டார்கள். சந்திரகுமாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சித்தரின் மானம் இப்போது அவன் கையில். அந்தக் கையைத் தூக்கினான்.

"என்ன சிந்து இது, சாமியப் போய். நான் வைக்கிறேன், பாரு," என்று இமயத்துப் பனியின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தான்.

அவன் போட்ட சத்தம் தெல்தெனிய வரைக்கும் கேட்டிருக்கும். முந்நூறு குதிரையும் இத்தனை நாளில் அப்படிக் கனைத்ததில்லை.

சிந்துஜா அவன் கையில் தண்ணீரை ஊற்றினாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. பிறகு எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு வயரை இழுத்துக் கூட்டத்துக்குக் காட்டினாள். நுனியில் ஒரு சின்ன பிளக், எதிலும் செருகப்படாமல்.

"சூடு பாக்குற வயருங்க இது. நான்தான் திகனயில கழட்டினேன். கழட்டினா மிஷினுக்கு ஒண்ணும் தெரியாது, மைனஸ் நாப்பதுன்னு காட்டும். எங்க லேப்லயும் இதே கததான். புதுசா வந்த பிள்ள ஒண்ணு, தொட்டுப் பாக்காம அப்புடியே எழுதி வச்சிச்சு. இங்கயும் யாரோ தொட்டுப் பாக்காம எழுதியிருக்காங்க."

சொல்லிக்கொண்டே போய்க் காவித் திரையை ஒரே இழுவையில் இழுத்தாள். சாம்பிராணிப் புகைக்கு நடுவே பிளாஸ்டிக் கதிரையில் ஸ்ரீதரன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஸ்கேனர். வாய்க்கு நேரே போன். தப்பி ஓடுவதற்கு வசதியான இடமாக அந்தக் கொட்டகையை அவன் கட்டவில்லை. இத்தனை பேரில் ஒருவர் திரையை இழுப்பார் என்று அவன் எதிர்பார்த்ததே இல்லை. அவன் மேல் முழுப்பிழை சொல்ல முடியாது.

சிந்துஜா அவன் கையிலிருந்த போனை வாங்கினாள். கொட்டகையின் உட்புறம் போய், ஒருவருக்கும் கேட்காத குரலில் அதில் ஏதோ சொன்னாள். முற்றத்தில் நின்ற சித்தர் சட்டென்று இரண்டு கையாலும் முண்டாசைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க?" என்று நொத்தாரிஸ் கேட்டார்.

"முண்டாசு அவிழுதுன்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு முண்டாசை அவிழ்க்கச் சால்வைக்காரர் ஒருவரே போதுமாக இருந்தது. உள்ளே காதோடு ஒட்டிய இயர்போன். பிடிபட்ட சித்தர், தான் மூன்று வருடத்துக்கு முன்வரை போன் கடை ஒன்றில் இருந்ததாகவும், இதெல்லாம் ஸ்ரீதரனின் யோசனை என்றும், காருடைய பாஷையில்லாத நல்ல தமிழில் சொன்னார். நொத்தாரிஸ் காணி உறுதியை மடித்துச் சிந்துஜாவின் கையில் கொடுத்தார். அவள் அதைப் பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மஞ்சள் கார் மதிலுக்கு அப்பால் நின்றது. ஒருவர் பெயரையும் சொல்லி அழைக்கவில்லை. சிவப்புக் காரின் இருமலை ரிஸ்கான் மறுநாள் சொன்னபடி கால் மணித்தியாலத்தில் நிறுத்தினான். மஞ்சளின் அடியிலும் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, அது இரண்டு காரை வெட்டி ஒட்டிய கார் என்றான். வளைவில் கைவிடக்கூடிய வாகனம் எது என்பதில் மட்டும் சித்தருக்குச் சின்னத் தவறு.

கூட்டம் திருந்தியதா என்று கேட்கிறீர்கள். அன்று கலைந்து போகும்போது ஒருவர் சொன்னார், "இவன் போலி. நாவலப்பிட்டியில ஒருத்தர் இருக்காராம், டயரை மோந்து பாத்தே சொல்லுவாராம். அவர்தான் அசல்." உடனே பத்துப் பதினைந்து பேர் விலாசம் கேட்டார்கள். சந்திரகுமாரும் எழுதிக்கொள்ளப் பார்த்தான். உள்ளங்கை கொப்பளித்திருந்ததால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

ஓர் எஞ்சின் சுடுகிறதா குளிர்கிறதா என்று அறிய ஒரு கை போதும். அது அவனிடம் பிறந்த நாள் முதல் இருக்கிறது. உங்களிடம் கொப்பளிக்காதவை இரண்டு இருக்கின்றன. யாரையும் பார்த்து அவற்றைக் கூப்புவதற்கு முன்னால், ஒன்றை நீட்டி ஒருதரம் தொட்டுப் பாருங்கள்.